மஞ்சள் கயாக்கும் மேற்கே போன ஊரும்

கொடுவாக்கழி மேற்கே நகரத் தொடங்கியது ஓர் ஆவணி மாதத்து வியாழக்கிழமை காலை ஏழே முக்கால் மணிக்கு. ஊரை நகர்த்த வேண்டும் என்று சேதுக்கண்ணு நினைத்திருக்கவில்லை. ஏழு மாதக் கர்ப்பிணியான மகளைத் தன் படகிலேயே போய்க் கூட்டிவர வேண்டும் என்றுதான் நினைத்திருந்தார், அதற்காகத்தான் தன் மஞ்சள் கயாக்குப் படகின் பின்பக்கத்தில் ஒரு கரண்டு மோட்டாரை மாட்டினார்.

ஊருக்குக் கிழக்கே கழி கிடந்தது, கடலிலிருந்து பிரிந்து வந்து படுத்துக்கொண்ட தண்ணீர், அலை இல்லாதது, இறாலும் நண்டும் மடவையும் கொடுப்பது. கழிக்கு அந்தக் கரையில் நரித்தீடை என்கிற மணல்திட்டும் அதன்மேல் நாற்பது வீடுகளும் இருந்தன, அதற்கும் அப்பால் கடல். சேதுக்கண்ணுவின் ஒரே மகள் நாகஜோதியை நரித்தீடையில்தான் கொடுத்திருந்தது. துடுப்புப் போட்டால் அரைமணி நேரம். வெயில் நன்றாக அடிக்கிற நாளில் சேதுக்கண்ணுவின் வாசலிலிருந்து பார்த்தால் மகள் வீட்டுக் கொடியில் காய்கிற சேலையின் நிறம் தெரியும், நேற்றைக்குப் பச்சை கட்டியிருக்கிறாள், இன்றைக்கு அதைத் துவைத்துப் போட்டிருக்கிறாள் என்று அவர் மனைவி வள்ளிமயில் சொல்லிக்கொண்டிருப்பாள்.

கயாக்கு அவருக்கு வந்தது ஒரு படகுத்துறையிலிருந்து. சுற்றுலாக்காரர்கள் வராமல் போய், படகுத்துறையை மூடிவிட்டுப் போனவர்கள் கரையில் கவிழ்த்துப் போட்டிருந்த இரண்டு ஆள் கயாக்கை, கேட்டு வாங்கிக்கொண்டு வந்திருந்தார். ஒரு முழத் தண்ணீர் இருந்தாலும் மிதக்கும், ஒருவரே தூக்கிக் கரையேற்றலாம். ஆனால் இரண்டு வருஷத்துக்கு முன்னால் வலை இழுக்கையில் அவருடைய வலது தோள்பட்டை கழன்று, வைத்தியர் இழுத்து உட்கார வைத்தும் சரியாக உட்காராமல் போயிற்று, அதிலிருந்து பத்து வீச்சுத் துடுப்புக்கு மேல் போட முடியவில்லை. கழியின் ஓரத்திலேயே நண்டுக்கயிறு போட்டுக்கொண்டிருந்தார்.

வளைகாப்புக்கு நாள் குறித்தாயிற்று. சம்பந்தியம்மா கண்டிப்பானவள், பெண்ணைப் பெற்றவர்கள் வந்து முறைப்படி கூட்டிப்போனால்தான் அனுப்புவேன் என்று சொல்லியிருந்தாள். அடுத்தவன் வள்ளத்தில் தொற்றிக்கொண்டு போய் மகளைக் கூட்டிவர சேதுக்கண்ணுவுக்கு மனம் வரவில்லை. டவுனில் ஆட்டோ பேட்டரிக் கடை வைத்திருந்த வகாப் அவருக்குப் பழக்கம். துறைமுகத்தில் வேலை பார்க்கிற தன் மச்சினன் மூலமாக வகாப் அந்த மோட்டாரை வரவழைத்து, புதன்கிழமை தானே பைக்கில் கட்டிக்கொண்டு வந்தார். மேலே ஒரு கைப்பிடி, கீழே நீளமான தண்டு, தண்டின் முனையில் இரண்டு இலை வைத்த சிறிய விசிறி.

கயாக்கின் பின்பக்கம் வழவழப்பாக இருந்ததால் மோட்டாரின் கவ்வி பிடிக்கவில்லை. ஒரு வேப்பம்பலகையை அறுத்துக் குறுக்கே வைத்து, நான்கு துளை போட்டு, துருப்பிடிக்காத போல்ட்டு கொடுத்து, ஒவ்வொரு போல்ட்டுக்கும் சைக்கிள் டியூபை வட்டமாக வெட்டி அடியில் வைத்து இறுக்கினார்கள். பிறகு பேட்டரியை எங்கே வைப்பது என்று பேச்சு வந்தது.

"முன்னால வச்சாத்தான் மூக்குத் தூக்காது" என்றார் வகாப்.

"முன்னால எம்மக உக்காரணும்ல."

"புள்ள உக்காரும்போது பேட்டரியப் பின்னால தள்ளிக்கங்க. அவ எடையே போதும்."

சிவப்புக் கம்பியைச் சிவப்பிலும் கறுப்புக் கம்பியைக் கறுப்பிலும் கொடுத்து, நடுவில் ஒரு பியூஸ் வைத்து, உப்புத்தண்ணி படாமல் டேப்பைச் சுற்றினார் வகாப். வள்ளிமயில் அவருக்கு நண்டுச்சாறு கொடுத்தாள். சத்தமே வராது, மீனுக்குக்கூடத் தெரியாது, அவ்வளவு பதவிசா ஓடும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை சேதுக்கண்ணு கயாக்கைத் தள்ளிக்கொண்டு போய், இடது கையால் கம்பு ஊன்றி, பழைய வலைக்கட்டின் மரக்கம்பு ஒன்று தண்ணீரில் நட்டுக்கிடந்த இடம் வரை போனார். அங்கே ஆழம் இருந்தது, மரக்கம்பின்மேல் ஒரு நீர்க்காகம் உட்கார்ந்திருந்தது. மோட்டாரை இறக்கி, நரித்தீடையைப் பார்த்துத் திருப்பி, கைப்பிடியைத் திருகினார். மோட்டார் ஓடுவது விரல்களில் மட்டும்தான் தெரிந்தது. திரும்பிப் பார்த்தார். கரை பின்னால் போய்க்கொண்டிருந்தது. வாசலில் நின்ற வள்ளிமயில் சின்னவளாகிக்கொண்டே போனாள், கோயிலும் தண்ணீர்த் தொட்டியும் பனைகளும் சின்னதாகிக்கொண்டே போயின, எத்தனையோ நாளாகத் தோளில் கிடந்த கனம் இறங்கினது போல இருந்தது அவருக்கு. அப்படியே கால்மணி நேரம் கரையைப் பார்த்துக்கொண்டே ஓட்டிவிட்டு முன்னால் திரும்பினால் நரித்தீடை இருந்த தூரத்திலேயே இருந்தது, பச்சைச் சேலை பச்சைப் புள்ளியாகவே இருந்தது, கையெட்டும் தூரத்தில் அதே வலைக்கட்டுக் கம்பின்மேல் அதே நீர்க்காகம் உட்கார்ந்து இறக்கையை விரித்துக் காய வைத்துக்கொண்டிருந்தது.

கம்பு ஊன்றிக் கரைக்கு வந்துசேர அவருக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று.

"எவ்வளவு தூரம் போயிட்டீங்க" என்றாள் வள்ளிமயில்.

"நான் போகல. நீங்கதான் போயிட்டீங்க."

வள்ளிமயில் வாசலில் இருந்த குடத்தைத் திரும்பிப் பார்த்தாள். "அதான் கொடத்துத் தண்ணி சாஞ்சுச்சா" என்றாள். அந்தக் கால்மணி நேரமும் எல்லா வீட்டுக் குடங்களிலும் தண்ணீர் கிழக்குப் பக்கமாகச் சாய்ந்து நின்றதாம், தொட்டில்கள் தானாக ஆடினவாம், கோழிகள் நடக்காமல் இருந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டனவாம். வேறொன்றும் ஆகவில்லை. சுவர் விரியவில்லை. உலையில் இருந்த சோறு பொங்கிக்கொண்டுதான் இருந்தது.

ஊர் நூறு அடி போயிருந்தது. மேற்கே இருந்த கருவேலங்காடு விலகி வழிவிட்டிருந்தது. நெடுஞ்சாலையிலிருந்து ஊருக்கு வருகிற மூன்று கிலோமீட்டர் தார்ச்சாலை, பாயைச் சுருட்டினாற்போல அந்த நூறு அடியைச் சுருக்கிக்கொண்டிருந்தது. ஊர் விட்டுவந்த இடத்தில் கழித்தண்ணீர் வந்து நின்றிருந்தது, அங்கே எப்போதும் தண்ணீர்தான் இருந்தது என்பது போல.

முதலில் சந்தோஷப்பட்டது கழியோரத்து முதல் வரிசை வீட்டுக்காரர்கள். ஐப்பசி பிறந்தால் அவர்கள் வாசலில் தண்ணீர் ஏறும், கட்டிலைக் கல்லின்மேல் தூக்கி வைத்துக்கொண்டு பிள்ளைகளோடு கட்டிலிலேயே இருப்பார்கள். இப்போது கரை ஒரு முழம் உயர்ந்திருந்தது. அடுத்துச் சந்தோஷப்பட்டது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், நெடுஞ்சாலைக்கு நடக்கிற தூரத்தில் நூறு அடி குறைந்திருந்தது. நூறு அடி என்ன பெரிய நூறு அடி என்று யாரும் சொல்லவில்லை. இன்னொரு தடவை ஓட்டிப் பாரேன் என்றுதான் சொன்னார்கள்.

சேதுக்கண்ணுவும் ஓட்டிப் பார்த்தார், ஊருக்காக அல்ல. மோட்டாரில் ஏதோ கோளாறு என்று நினைத்து வெள்ளிக்கிழமை வடகிழக்காகத் திருப்பி ஓட்டினார், ஊர் மேற்கே போயிற்று. சனிக்கிழமை ஊரைப் பார்த்து ஓட்டினார், அப்போதும் ஊர் அவரைக் கண்டு ஒதுங்குகிற மாதிரி மேற்கேதான் போயிற்று. பின்பக்கமாகச் சுற்றவிட்டுப் பார்த்தார், சேறு கலங்கினது மட்டும்தான், போன ஊர் திரும்பவில்லை. வகாப் வந்து கம்பியைக் கழற்றிச் சிவப்பைக் கறுப்பிலும் கறுப்பைச் சிவப்பிலும் மாற்றிக் கொடுத்தார், பிறகு மறுபடி பழையபடி மாற்றினார், பியூஸைக் கையில் எடுத்து வெயிலில் தூக்கிப் பார்த்தார்.

"மோட்டார்ல ஒரு கொறையும் இல்லண்ணே" என்றார். "நல்லா இழுக்குது. எதை இழுக்குதுங்கிறதுதான்."

புதன்கிழமை வளைகாப்பு. சேதுக்கண்ணு ஒரு தடவைக்கு நாலு தடவை யோசித்துவிட்டு வள்ளிமயிலை நண்டு வியாபாரியின் வள்ளத்தில் அனுப்பினார், தான் போகவில்லை, மோட்டாரை மாட்டிவிட்டு வள்ளத்தில் வந்து இறங்கினால் சம்பந்தி வீட்டில் என்ன நினைப்பார்கள் என்று இருந்தது. வளையல், பூ, ஐந்து வகைச் சோறு எல்லாம் எடுத்துக்கொண்டு போன வள்ளிமயில் மத்தியானம் போனில் கூப்பிட்டாள்.

"அனுப்ப மாட்டேங்கிறாங்க."

"என்னவாம்?"

"ஒங்க ஊரு ஒரு வாரமா எங்களை விட்டுப் போயிக்கிட்டு இருக்கு, எங்க போய் நிக்கும்னு ஒங்களுக்கே தெரியாது, அப்படி ஊருக்கு வாயும் வயிறுமா இருக்குறவள எதை நம்பி அனுப்புறதுன்னு கேக்குறாங்க." குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள். "அவங்க கேக்குறதுல தப்பில்லைங்க. இங்க நின்னு பாத்தா அப்படித்தான் தெரியுது. நம்ம வீட்டக் காணம். கோயிலு மட்டுந்தான் தெரியுது."

"நீ வந்துரு."

"நான் இவ கூட இருக்கேன். பேறுகாலத்துக்கு ஒருத்தி வேணும்ல. இங்கயே இருந்து பாத்துட்டு வர்றேன்."

பிறகு நாகஜோதி போனை வாங்கினாள். "அப்பா, மோட்டார் எப்படிப்பா இருக்கு?" என்றாள். நல்லா இருக்கும்மா என்றார். வளையல் சத்தம் போனில் கேட்டுக்கொண்டிருந்தது.

அன்றைக்கே மோட்டாரைக் கழற்றி வீட்டுக்குள் வைத்தார். நான்கு நாள் ஊர் நகரவில்லை. ஐந்தாவது நாள் காலை மீனவர் சங்கத் தலைவர் பாக்கியநாதன் வந்தார், கூட ஏழெட்டுப் பேர் வந்து வாசலில் நின்றார்கள். பாக்கியநாதன் குரலை உயர்த்திப் பேசாத மனிதர், சேதுக்கண்ணுவும் அவரும் ஒரே வள்ளத்தில் பதினைந்து வருஷம் போனவர்கள்.

"சேது, ஒன் வருத்தம் தெரியும். ஆனா ஊரு கேக்குது."

"எம்மக அங்க இருக்கா தலைவரே. அவளும் இந்த ஊருப் புள்ளதான்."

"இல்லைங்கலையே. அவளுக்கு ஒரு கொறையும் இல்ல, புருசன் வீட்டுல இருக்கா, தாயும் பக்கத்துல இருக்கா. இங்க பாரு, போன ஐப்பசியில இராமாயிக்கு வலி எடுத்து, ரோட்டுக்குத் தூக்கிட்டுப் போறதுக்குள்ள என்ன ஆச்சு? மூணு கிலோமீட்டரு. எத்தன மனு எழுதுனோம், ரோட்ட நம்மகிட்ட கொண்டுவர முடியல. ரோட்டுகிட்ட நாம போறதுக்கு இப்ப ஒரு வழி வந்திருக்கு."

இராமாயியின் புருஷன் கூட்டத்தில் நின்றுகொண்டிருந்தான். தன் காலடியைப் பார்த்துக்கொண்டு நின்றான். சேதுக்கண்ணு அவனைப் பார்த்தார். எழுந்து உள்ளே போய் மோட்டாரை எடுத்துவந்து கொடுத்தார்.

"நான் ஓட்ட மாட்டேன்" என்று மட்டும் சொன்னார்.

ஓட்டுவதற்கு ஆள் இருந்தது. யார் கைப்பிடியைத் திருகினாலும் ஊர் போயிற்று. வீட்டுக்கு ஒரு நாள் முறை வைத்துக்கொண்டார்கள், பேட்டரிக்குச் சார்ஜ் போடுவதும் முறைதான், கயாக்கில் நீளமாக ஒரு கயிற்றைக் கட்டி, ஊர் போனபிறகு கரைக்கு இழுத்துக்கொள்வார்கள். காலை எட்டு மணிக்குக் கோயில் மணியை அடிப்பார்கள், மணி கேட்டதும் பெண்கள் குடங்களின் கிழக்குப் பக்கம் ஒரு கையை அண்டக் கொடுப்பார்கள், அடுப்பில் எண்ணெய்ச் சட்டி வைத்திருப்பவர்கள் இறக்கி வைப்பார்கள். கால்மணி கழித்து மறுபடி மணி அடித்தால் அவரவர் வேலையைப் பார்ப்பார்கள். வீட்டுக்குத் தபால் கொண்டுவருகிறவர் சைக்கிள் மிதிக்கிற தூரம் குறைந்துகொண்டே வருகிறது என்று ஒவ்வொரு வாசலிலும் சொல்லிச் சிரித்தார். கிராம நிர்வாக அலுவலர் அம்மா, சங்கிலி போட்டு அளக்கிற ஆளோடு ஒரு நாள் வந்தார், அளக்க ஆரம்பித்தபோது மணி அடித்துவிட்டது, அளந்து முடித்த இடத்தில் ஊர் இல்லை. அவர் ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்து நீண்ட நேரம் யோசித்துவிட்டு, எல்லை என்கிற கட்டத்தில் 'தற்சமயம் உள்ளபடி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

நெடுஞ்சாலை நெருங்க நெருங்க ஊருக்குப் புதுப்பழக்கங்கள் வந்தன. லாரிச் சத்தம் கேட்டுத் தூங்கப் பழகினார்கள், வாசலுக்கு வெளியே பெஞ்சு போட்டு டீ போட்டார்கள், வலை பின்னிக்கொண்டிருந்த ஒருவர் பஞ்சர் ஒட்டக் கற்றுக்கொண்டார். மீனுக்குப் போகிறவர்கள் அதிகாலையில் ஆழத்தைத் தேடிக் கிழக்கே வள்ளம் தள்ளினார்கள், அந்தத் தூரம் தினமும் நூறு நூற்றைம்பது அடி கூடிக்கொண்டு வந்தது.

சேதுக்கண்ணு தினமும் வள்ளிமயிலோடு போனில் பேசினார். செல்போன் கோபுரம் நெடுஞ்சாலையில்தான் இருந்தது, ஊர் அதன் பக்கம் போகப் போக வள்ளிமயிலின் குரல் பக்கத்து அறையில் இருந்து கேட்பது போலத் தெளிவாகக் கேட்டது. அவள் மூச்சு விடுவது கேட்டது. நாகஜோதிக்குக் கால் வீங்கியிருக்கிறது என்று அவள் சொன்னபோது, பின்னால் நாகஜோதி அதெல்லாம் ஒண்ணும் இல்லப்பா என்று சொல்வதும் கேட்டது. இப்போது கோயிலும் தெரியவில்லை, பனை உச்சி மட்டும் தெரிகிறது என்றாள் வள்ளிமயில் ஒரு நாள். அதற்குப் பிறகு அதைப் பற்றி அவள் சொல்வதை விட்டுவிட்டாள்.

புரட்டாசிக் கடைசியில் கழி மெலியத் தொடங்கியது. இருந்தது அதே தண்ணீர்தான், அகலம் கூடினால் ஆழம் குறையத்தானே செய்யும். முன்பு ஆள் ஆழம் இருந்த இடத்தில் முழங்கால் தண்ணீர் நின்றது, பிறகு கணுக்கால் தண்ணீர், பிறகு தட்டில் ஊற்றின கஞ்சித்தண்ணீர் போல மினுக்கம் மட்டும். நண்டு வியாபாரியின் வள்ளம் சேற்றில் உட்கார்ந்து சாய்ந்துகொண்டது. எந்த வள்ளமும் நரித்தீடைக்குப் போக முடியவில்லை. ஐப்பசி மழை பெய்தது, பெய்த மழை அத்தனை அகலத்துக்கும் போதவில்லை.

ஒரு நாள் காலை சேதுக்கண்ணு யாரிடமும் சொல்லாமல் நடந்தே போகலாம் என்று இறங்கினார். பாதித் தூரம்கூடப் போயிருக்க மாட்டார், சேறு முட்டி வரை வந்தது, தொடை வரை வந்தது, பிறகு இடுப்பில் வந்து நின்றது. முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை. நரித்தீடை தொடுவானத்தில் ஒரு கோடாகக் கிடந்தது. அவர் அங்கேயே நின்று சட்டைப்பையில் இருந்த போனை எடுத்துப் பாக்கியநாதனைக் கூப்பிட்டார். ஊரே வந்தது. பலகைகளைச் சேற்றின்மேல் வரிசையாகப் போட்டு, கயாக்கைச் சறுக்கிக் கொண்டுவந்து, கயிறு கட்டி இழுத்தார்கள். இராமாயியின் புருஷன்தான் அவருக்கு அக்குளில் கைகொடுத்துத் தூக்கினான். ஒருவரும் கடிந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. கிணற்றடியில் உட்கார வைத்து, மூன்று பேர் தண்ணீர் இறைத்து ஊற்றி, சேற்றைக் கழுவிவிட்டார்கள், ஒருத்தி சுடுசோறு கொண்டுவந்து வைத்தாள். அவர்கள் மேல் கோபப்படலாம் என்று பார்த்தால் அதற்கும் அவருக்கு இடம் இல்லாமல் இருந்தது.

கயாக்கு மிதக்கவும் தண்ணீர் இல்லாமல் போனதும், கோயிலுக்குப் பின்னால் இருந்த சிமெண்டுத் தொட்டியில் தண்ணீர் நிரப்பி அதில் கயாக்கை இறக்கினார்கள். தொட்டி ஊருக்குள்ளே இருந்தது, ஊரோடு சேர்ந்து அதுவும்தான் போகும், அப்படியிருக்க அது எப்படி ஊரை நகர்த்தும் என்று பஞ்சர் ஒட்டுகிறவர் மட்டும் கேட்டார். ஆனால் மோட்டாரைத் திருகினதும் குடங்கள் சாய்ந்தன. ஊருக்குப் பழகிவிட்டிருந்தது.

அதைப் பார்த்த அன்றைக்குத்தான் சேதுக்கண்ணுவுக்குப் பயம் வந்தது. மத்தியான வெயிலில் ஆள் இல்லாத நேரம் பார்த்து ஸ்பேனரோடு போய், தொட்டியில் இறங்கி, விசிறியைக் கழற்றினார், கம்பிகளை அறுத்தார், நான்கு போல்ட்டுகளையும் கழற்றி மோட்டாரைப் பலகையோடு தூக்கிக்கொண்டு போய்ச் சேற்றுக்குள் எறிந்தார். அது கொஞ்ச நேரம் கைப்பிடி மட்டும் தெரிய நின்றது, பிறகு உள்ளே போயிற்று. நேராகப் பாக்கியநாதன் வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னார்.

பாக்கியநாதன் கோபப்படவில்லை. "சரி விடு" என்றார். "ரோடு வந்துருச்சு. இன்னும் ஒரு கூப்பிடு தூரந்தான். போதும்னு நானே சொல்லணும்னு இருந்தேன்."

மறுநாள் காலை எட்டு மணிக்கு யாரும் மணி அடிக்கவில்லை. குடங்களில் தண்ணீர் சாய்ந்தது. கோழிகள் உட்கார்ந்துகொண்டன. பெண்கள் குடங்களுக்குக் கை கொடுத்தார்கள், ஆண்கள் வாசலுக்கு வந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள், பாக்கியநாதன் கோயில் தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அன்றும் மறுநாளும் அதற்கு மறுநாளும் ஊர் தானாகப் போயிற்று. நான்காவது நாள், நெடுஞ்சாலையின் ஓரத்தில், பேருந்து நிற்கிற புளியமரத்துக்குப் பத்தடி தள்ளி வந்து நின்றது. அதற்கப்புறம் அசையவில்லை. ஒரு வாரம் பார்த்தார்கள், இரண்டு வாரம் பார்த்தார்கள், குடத்துத் தண்ணீர் நேராக நின்றது. அதுக்குத் தெரிஞ்சிருக்கு எங்க நிக்கணும்னு என்று பேசிக்கொண்டார்கள், அம்மனுக்குப் பொங்கல் வைத்தார்கள்.

பொங்கல் வைத்த அன்று காலையிலேயே நாகஜோதிக்கு வலி எடுத்தது. வள்ளிமயில் போனில் சொல்லிக்கொண்டே இருந்தாள். தீடையின் கடல் பக்கமாக மாப்பிள்ளை முருகபூபதி படகைத் தள்ளுகிறான், அவளைப் பாயோடு தூக்கி வைத்துவிட்டார்கள், வடக்கே துறைமுக ஊருக்குப் போகிறோம், அங்கே பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறதாம். சேதுக்கண்ணு புளியமரத்தடியில் நின்றுகொண்டு காற்றுச் சத்தத்தையும் மகள் முனகுவதையும் கேட்டார், ரோட்டில் பேருந்து ஒன்று போயிற்று, கார்கள் போயின. அவரைச் சுற்றி ஊர் நின்றது, ஆஸ்பத்திரிக்கு இத்தனை பக்கத்தில் கொடுவாக்கழி ஒருநாளும் இருந்ததில்லை. பிறகு போனில் சிக்னல் போய்விட்டது. நான்கு மணி நேரம் கழித்து மாப்பிள்ளை கூப்பிட்டான்.

"பொம்பளப் புள்ள மாமா. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க."

சேதுக்கண்ணு மறு நிமிஷமே வந்த பேருந்தில் ஏறினார். வடக்கே போய், ஒரு டவுனில் இறங்கி மாறி, கடற்கரைச் சாலையில் கிழக்கே திரும்பிப் போய் ஆஸ்பத்திரியில் இறங்கியபோது பொழுது சாயவில்லை. பேருந்தில் இத்தனை சுருக்கமாக வந்துவிடலாம் என்பது அவருக்கு ஒரு மாதிரியாக இருந்தது. வள்ளிமயில் வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள், இளைத்திருந்தாள், அவரைப் பார்த்ததும் எழுந்திருக்காமல் பக்கத்தில் இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தாள். நாகஜோதி குழந்தையை அவர் மடியில் வைக்கச் சொன்னாள்.

சம்பந்தியம்மாவும் அங்கே இருந்தாள். பேத்தி பிறந்ததில் மனம் இளகியிருந்தாள். "ஒங்க ஊரு இப்ப நிக்குதா?" என்று கேட்டாள்.

"நின்னுருச்சு" என்றார் சேதுக்கண்ணு. "ரோட்டோரம். வீட்ட விட்டு எறங்குனா பஸ்சு."

"அப்ப தாய் வீட்டுலயே மூணு மாசம் இருந்துட்டு வரட்டும். முறைன்னு ஒண்ணு இருக்குல்ல" என்றாள்.

அவர் கேட்க நினைத்ததே அதுதான். அன்றைக்கு இரண்டு தடவை பாக்கியநாதனுக்குப் போன் போட்டு ஊர் நிற்கிறதா என்று கேட்டார், நிக்குது நிக்குது என்றார் அவர். பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியிலும், மாப்பிள்ளையின் சிநேகிதர் வீட்டிலுமாக இருந்துவிட்டு, பதின்மூன்றாம் நாள் காலை நால்வரும் பேருந்து ஏறினார்கள், குழந்தையைச் சேர்த்து நால்வர். ஜன்னலோரத்தில் உட்கார்ந்துகொண்டு வீட்டில் தொட்டில் எந்த விட்டத்தில் கட்டலாம் என்று வள்ளிமயில் கேட்டாள். நடுவிட்டம்தான் உறுதி என்றார். பத்து மணிக்குக் கண்டக்டர் திரும்பிப் பார்த்து, நீங்க சொன்ன எடம் வந்துருச்சு, எறங்குங்க என்றார்.

இறங்கினார்கள். புளியமரம் இருந்தது. மரத்துக்குப் பத்தடி தள்ளிக் கழித்தண்ணீர் மெலிசாக, கிழக்கே கண்ணுக்கெட்டுகிற வரை மினுங்கிக்கொண்டு கிடந்தது.

"இங்க ஒரு ஊரு இருந்துச்சுல்ல" என்றார் சேதுக்கண்ணு.

"இருந்துச்சு" என்றார் கண்டக்டர், படியில் நின்றபடி. "முந்தாநாள் சாயங்காலம் வரைக்கும் இங்கதான் ஆளு ஏத்துனோம். நேத்துல இருந்து காணம்." விசில் கொடுத்தார், பேருந்து போயிற்று.

நெடுஞ்சாலையில் ஒரு கீறல் இல்லை. சாலைக்கு மேற்கே கருவேலங்காடு மூடிக்கிடந்தது, ஊர் புகுந்து போன தடம் எதுவும் தெரியவில்லை. சேதுக்கண்ணு பாக்கியநாதனைக் கூப்பிட்டார். நீண்ட நேரம் மணி அடித்த பிறகு எடுத்தார்.

"சேது, ஒனக்கு எப்படிச் சொல்றதுன்னு இருந்தேன். நேத்துக் காலையில குடம் சாஞ்சுச்சு. அப்புறம் நிக்கவே இல்ல."

"இப்ப எங்க இருக்கீங்க?"

"தெரியலப்பா. வயலாத் தெரியுது. எங்க பாத்தாலும் நெல்லு. இந்தப் பக்கம் ஒருத்தரையும் நமக்குப் பழக்கம் இல்ல. கேட்டா ஏதோ ஊர்ப் பேரு சொல்றாங்க, சொல்லி முடிக்குமுன்ன அது பின்னால போயிருது." அவர் குரலுக்குப் பின்னால் பிள்ளைகள் விளையாடுகிற சத்தம் கேட்டது, யாரோ அம்மி அரைக்கிற சத்தம் கேட்டது. "ஒன் வீட்டப் பத்திக் கவலைப்படாத. தினம் வாசத் தெளிக்கச் சொல்லியிருக்கேன். நின்னா கூப்பிடுறேன். எறங்கிற முடியுமான்னு நாங்களும் பாத்தோம், சின்னப் புள்ளைகள வச்சுக்கிட்டு எப்படி எறங்குறது."

"சரி" என்றார் சேதுக்கண்ணு. போனைச் சட்டைப்பையில் போட்டார்.

"என்னங்க சொல்றாங்க?" என்று வள்ளிமயில் கேட்டாள். அவர் மேற்கே கையைக் காட்டினார். அவள் அந்தப் பக்கம் பார்த்தாள், பிறகு கையில் இருந்த பையைப் புளியமரத்தடியில் வைத்தாள், வேரின்மேல் துண்டை விரித்தாள்.  "மொதல்ல உக்காரட்டும், பச்ச ஒடம்பு" என்றாள்.

நாகஜோதி உட்கார்ந்தாள். குழந்தைக்குப் பசி வந்து அழத் தொடங்கியது, அவள் முந்தானையால் மூடிக்கொண்டு பால் கொடுத்தாள். "அடுத்த பஸ்சு எப்பப்பா?" என்றாள் கொஞ்ச நேரம் கழித்து.

"எங்க போறதுக்கும்மா?"

 நாகஜோதி மேற்கே பார்த்துக்கொண்டு, குழந்தையின் முதுகைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

ரோட்டுப் பக்கத்துக் கிளைகளைக் கழித்துவிட்டிருந்ததால் புளியமரத்தின் நிழல் போதவில்லை, கிளைகளுக்கு நடுவே இறங்கின வெயில் குழந்தையின் முகத்தில் விழுந்தது. சேதுக்கண்ணு போய்க் கிழக்குப் பக்கமாக நின்று, தன் நிழல் அவர்கள் இருவர் மேலும் விழும்படி பார்த்துக்கொண்டார். வெயில் மெல்ல மெல்ல ஏறி வந்தது, வெயில் ஏற ஏற அவரும் கால் மாற்றி, ஒரு சாண், இன்னொரு சாண் என்று நகர்ந்து நகர்ந்து நின்றார்.